விழுகிற பக்கம்

ராசிபுரத்தை விட்டு ஆத்தூர் ரோட்டில் நாலு மைல் வந்த பிறகுதான், ஆஸ்பத்திரிச் சட்டையைக் கழற்றாமல் வந்துவிட்டதைக் கவனித்தேன். தொடைவரை தொங்கும் காக்கிச் சட்டை. சொல்லாமல் ஓடுகிறவன் அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். கழற்றலாம் என்றால் உள்ளே பனியன் கிடையாது. பங்குனி வெயில் முதுகுத் தோலை உரித்துவிடும். போட்டுக்கொண்டே நடந்தேன். சட்டையின் வலது கைப்பகுதியில் ஒரு நெசவாளரின் ரத்தம் காய்ந்து விறைத்துப்போயிருந்தது.

ஓரிடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. நாலாம் வகுப்பை விட்டு நடந்தேன். மேச்சேரியில் ஆடு ஓட்டும் வேலையை விட்டு நடந்தேன். மேட்டூரில் அணை கட்டி முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் நடந்தேன். ஆத்தூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன்; அதையும் விட்டேன். யாரும் துரத்தி நான் போனதில்லை. கால் அரிக்கும், போய்விடுவேன். அன்றைக்கு மட்டும்தான் பயந்து போனேன். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வார்டில் இப்போது இருக்கும் நர்சுப் பெண்கள் இதை எழுதச் சொன்னார்கள். நோயாளி நடக்கும்போது பின்னால் ஓர் ஆள் வெறுங்கையோடு போவது எதற்கு என்று புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாளாம். "அது மாரப்பன் அண்ணன் காலத்துப் பழக்கம்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். என் காலத்துப் பழக்கமில்லை அது. டாக்டர் நமச்சிவாயத்தின் பழக்கம்.

அவர் தெற்கத்திக்காரர். பேச்சில் 'ங்க' போட வராது. "வா, உட்கார், நாக்கை நீட்டு" என்பார். மரியாதை தெரியாத டாக்டர் என்று ஊரில் பெயர். வயதில் என்னைவிட மூன்று நாலு வருஷம் சின்னவர்தான். கோபம் வந்தால் குரல் உயராது. பேனாவை மூடித் திறந்துகொண்டு அந்தப் பேனாவிடம் பேசுவார். "இவன் மருந்தைக் கொட்டிவிட்டான், தெரியுமா?" என்று பேனாவைக் கேட்பார். நம்மைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

மற்ற டாக்டர்கள் மேஜையை வாசலுக்குப் பக்கத்தில் போடுவார்கள், நோயாளி சிரமப்படக்கூடாது என்று. இவர் நீள வராந்தாவின் கடைசியில் போட்டிருந்தார். வாசலிலிருந்து மேஜைவரை முப்பதடி. அந்த முப்பதடிக்கும் தரையில் நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு. திங்கட்கிழமைதோறும் கயிறு பிடித்து அதைப் புதுப்பிப்பது என் வேலை. தண்ணீர் எடுப்பது, பெருக்குவது, கோடு போடுவது. இந்த மூன்றுக்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

கோடு எதற்கென்று ஜனங்களுக்குத் தெரியாது. சாமி காரியமோ என்று சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி வருவார்கள். ஒரு கிழவி தொட்டுக் கும்பிட்டதும் உண்டு. டாக்டர் மேஜையிலிருந்தே கத்துவார்: "கோட்டு மேலே வா! ஒதுங்காதே!" வருகிறவர் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வியாதியை எழுதி முடித்திருப்பார். எந்தக் காலைத் தேய்க்கிறார், எந்தத் தோளில் துண்டு இறங்குகிறது, எந்தக் கை வீசாமல் தொங்குகிறது என்று பார்ப்பார். நடக்கிற ஆளைப் பார்த்த பிறகுதான் நாடி பிடிப்பார்.

அப்படி நடக்கும்போது தள்ளாடுகிறவர்களுக்குப் பின்னால் ஓர் ஆள் போக வேண்டும். தொடக்கூடாது. தொட்டால் நடை மாறிவிடும். விழுந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். அதற்கென்று இருந்த வார்டு ஆள் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அதனால் அந்த வாரம் அந்த வேலை என்னிடம் வந்தது. டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வாக்கியம்: "விழுகிற பக்கம் நில்லு."

எனக்கு அது போதும் என்று தோன்றியது. விழுவதைப் பற்றி எனக்குத் தெரியும் என்று ஓர் எண்ணம். மேட்டூரில் தலையில் சுண்ணாம்புச் சாந்துச் சட்டியோடு ஒன்றரை அடி அகலப் பலகையில் நடந்தவன் நான். கீழே நாற்பதடி ஆழம். காற்று அடித்தால் பலகை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். முதல் வாரம் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். மேஸ்திரி, "காலைப் பார்க்காதடா, அதுக்குத் தெரியும்" என்று ஏசினார். இரண்டாம் வாரத்தில் நிஜமாகவே அதற்குத் தெரிந்துவிட்டது. பலகை இடப்புறம் சாயும் முன்பே இடுப்பு வலப்புறம் போயிருக்கும். சட்டியில் சாந்து அலுங்காது. நான் எதையும் செய்யவில்லை. என்னுள் இருந்த ஏதோ ஒன்று செய்தது. பொழுதுக்கும் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தேன், அதன் பெயர்கூடத் தெரியாமல்.

அங்கேதான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரு கொத்தனாருக்கு மேலேயிருந்து விழுந்த மரத்துண்டு தலையின் இடப்பக்கம் பட்டது. பிழைத்தார். ஆனால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. முகாமில் கட்டுப் போடுகிறவர் சொன்னார்: "தலையில எடம்னா ஒடம்புல வலம். வழியெல்லாம் குறுக்கே போகுது." அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். ஒரு பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி அன்றிலிருந்து அதை வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்ப்பான்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது அது. யாராவது தெருவில் தள்ளாடினால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அப்படித்தான் சந்தை நாள் காலையில் அங்கமுத்துவைக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயதுத் தறிக்காரர். ஆத்தூர் ரோட்டில் ஐந்தாறு மைல் தள்ளி ஒரு தறிக் கிராமம் அவருக்கு. நூல் வாங்கச் சந்தைக்கு வந்தவர் சட்டிப்பானைக் கடையில் போய் விழுந்துவிட்டார். ஏட்டு ஒருவர் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்தார். பின்னால் பானைக்காரி.

"எம்பட பானை எட்டு ஒடைஞ்சு போச்சுங்க. இந்தக் குடிகாரன் வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டான்."

"பானையத்தானே புடிச்சான்? உன்னையப் புடிச்சிருந்தா அவனுக்கு எத்தனை எலும்பு ஒடைஞ்சிருக்குமோ" என்றார் ஏட்டு. கூட்டம் சிரித்தது. ஏட்டு டாக்டரைப் பார்த்து, "சந்தேகமே இல்லீங்க. ஸ்பிரிட்டு வாடை பத்தடிக்கு வருது. குடிச்சிருக்கான்னு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்க, நான் போகோணும்" என்றார்.

அங்கமுத்து அழுதுகொண்டிருந்தார். "சாமி, நான் தொடலீங்க. எங்க தெருவுல தெரிஞ்சா எம் பொண்டாட்டி பொழப்பு என்னாகும்? தண்ணி கூடக் குடுக்க மாட்டாங்க."

டாக்டர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. "கையை விடு, ஏட்டு. அவர் நடந்து வரட்டும். மாரப்பா, பின்னால போ. விழுகிற பக்கம் நில்லு."

நான் போனேன். அவருடைய இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது. பழைய சீழ் வாடை. ஆக, கோளாறு இடப்பக்கம். தலையில் இடம் என்றால் உடம்பில் வலம். நான் யோசித்து, கெட்டிக்காரத்தனமாக, அவருடைய வலப்பக்கம் போய் நின்றேன்.

அவர் கோட்டில் கால் வைத்தார். கால்களை அகட்டி வைத்தார். மூன்றாவது அடியில் இடது கால் தேவைக்கு மேல் உயர்ந்து, தொப்பென்று விழுந்தது. ஐந்தாவது அடியில் உடம்பு முழுதும் இடப்பக்கம் வழுக்கியது. நான் அந்தப் பக்கம் தாவுவதற்குள் வராந்தாக் கல்தூணில் தலை மோதிய சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம்.

இடது காதுக்கு மேலே கிழிந்திருந்தது. ரத்தத்தை என் சட்டைக் கையால் அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிஷம் நினைவில்லை. பிறகு கண் திறந்தார். டாக்டரும் நானும் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். டாக்டர் நாலு தையல் போட்டார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேனாவிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த பரிசோதனையை நான் ஆயுசுக்கும் மறக்கவில்லை. முதலில் அங்கமுத்துவின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு காதுப் பஞ்சை எடுத்து முகர்ந்தார். "காதுக்கு என்ன ஊத்துறே?"

"சீழுக்குச் சொட்டு மருந்துங்க. இங்கதான் குடுத்தாங்க."

அது போரிக் ஸ்பிரிட். காதில் சீழ் வருகிறவர்களுக்குச் சீசாவில் கொடுப்பது. டாக்டர் ஏட்டிடம் பஞ்சை நீட்டினார். "முகர்ந்து பார். வாடை இதில் இருக்கு. காது வழியாக் குடிக்கிறவனை நான் இன்னும் பார்க்கலை."

"அப்பறம் எதுக்குங்க தள்ளாட்டம்?"

"அதைத்தான் பார்க்கிறேன்."

அங்கமுத்துவின் இரண்டு கைகளிலும் தம் இரண்டு விரல்களைக் கொடுத்து, "நசுக்கு" என்றார். அவர் நசுக்கியதில் டாக்டருக்கே வலித்தது. இரண்டு கையிலும் தறிக்காரர் பலம். கால்களை அழுத்திப் பார்த்தார், அதிலும் குறையில்லை. "பலம் இருக்கு. இனி அளவு இருக்கா பார்ப்போம்" என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டு விரலால் மூக்கைத் தொடு." வலது விரல் அம்பு மாதிரி வந்து மூக்கு நுனியில் நின்றது. இடது விரல் புறப்பட்டு, கிட்டே வர வர நடுங்கி, மூக்கைத் தாண்டிப் போய் வலது கன்னத்தில் குத்தியது. மறுபடி. மறுபடியும் கன்னம்.

"தொடையில கையைத் திருப்பித் திருப்பித் தட்டு. அப்பளம் புரட்டுற மாதிரி." வலது கை தறியில் பழகிய கை, தாளம் போட்டது. இடது கை புரள நினைத்து, பாதியில் மறந்து, மேலும் கீழுமாகத் தடுமாறியது. இடது குதிகாலை வலது முழங்காலில் வைத்துக் கீழே வழிக்கச் சொன்னார். அது எலும்பை விட்டு இருபக்கமும் நழுவிக்கொண்டே போனது. இடப்பக்கம் பார்க்கச் சொன்னபோது இரண்டு கண்மணிகளும் துள்ளின.

ஏட்டு வாயைத் திறந்தபடி நின்றார். டாக்டர் அவரிடம், "குடி ஒரு ஆளை ரெண்டு பக்கமும் ஆட்டும். இவருக்கு வலப்பக்கம் கெட்டியா இருக்கு. பாதி உடம்புக்கு மட்டும் எவனும் குடிக்க முடியாது" என்றார். 'குடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "தலையில எடம்னா ஒடம்புல வலம்னு சொல்வாங்களேங்க?" என்றேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் வலப்பக்கம் நின்றேன் என்பது அந்தக் கேள்வியிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். திட்டவில்லை. கையைத் தம் பிடரிக்கு மேல் வைத்துக் காட்டிச் சொன்னார். கை காலை அசைக்கச் சொல்வது பெரிய மூளை. அதன் வழி பிடரிக்குக் கீழே குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்குகிறது. நீ கேட்டது சரி. ஆனால் எவ்வளவு அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அளவு பார்ப்பது இங்கே பின்னால் இருக்கும் சிறுமூளை. அது தன் சேதியை முதலில் குறுக்கே கடத்திப் பெரிய மூளைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து கட்டளை மறுபடி குறுக்கே கடந்து இறங்குகிறது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. அங்கமுத்து, கண்ணை மூடியபடியே: "தறியில நூல் நாடாவைக் குறுக்கே ரெண்டு வாட்டி ஓட்டுனா பொறப்பட்ட கைக்கேதானுங்களே வந்து சேரும்?"

டாக்டரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "அதேதான்!" என்றார். "புறப்பட்ட பக்கமே வந்து சேரும்." நான் பல வருஷம் சுமந்துகொண்டிருந்த ரகசியத்தில் பாதிதான் உண்மை என்று மண்டை உடைந்து கிடக்கிற ஒருவர் எனக்குச் சொன்னார்.

ஆனால் டாக்டரின் முகம் சீக்கிரமே இருண்டது. அங்கமுத்துவுக்கு மயக்கமாக வந்தது. கூப்பிட்டால் தாமதித்துத்தான் பதில். இரண்டு முறை வாந்தி எடுத்தார். டாக்டர் குனிந்து, "இந்த இடது கைத் தடுமாற்றம் விழுறதுக்கு முன்னாலயே இருந்துச்சா? இன்னைக்குத்தானா?" என்று கேட்டார்.

"எங்கை தப்பாதுங்க" என்றார் அங்கமுத்து.

"யோசிச்சுச் சொல். பத்து நாளா இருந்துச்சா?"

"பதினாறு வயசுல தறிக்குழியில எறங்குனங்க. எங்கை தப்பவே தப்பாதுங்க."

தறிக்காரரிடம் கையைக் குறை கேட்டால் வேறென்ன சொல்வார்? டாக்டர் பேனாவை எடுத்து மூடித் திறக்க ஆரம்பித்தார். அதனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. தலைசுற்றல் மட்டும் என்றால் சீழ் காதின் உட்பகுதியோடு நின்றிருக்கலாம், காத்திருக்கலாம். கை முன்பே கெட்டிருந்தால் சீழ் காதைத் துளைத்துக்கொண்டு சிறுமூளைக்குப் போய்விட்டது. காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து எடுத்தே ஆக வேண்டும். கை இப்போது தூணில் மோதியதால் கெட்டது என்றால், திறப்பது அவரைக் கொல்லும். சேலத்துக்கு பஸ்ஸில் அனுப்பினால் அந்தக் குலுக்கலிலேயே போய்விடுவார். "கை என்றைக்குக் கெட்டதுன்னு தெரிஞ்சா போதும்" என்று பேனாவிடம் சொன்னார். "அந்தத் தூண் எல்லாத்தையும் குழப்பிடுச்சு."

தூண் என்றார். மாரப்பன் என்று சொல்லவில்லை. நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்துவிட்டேன்.

நாலாவது மைலில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. ஒரு பெண் தலைச்சுமையை அதில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ராசிபுரம் போகிறவள். என் சட்டையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்காரருங்களா? எங்கூட்டுக்காரரை அங்க கொண்டு போயிட்டாங்கன்னு சந்தைக்குப் போனவங்க சொன்னாங்க. அங்கமுத்துன்னு பேருங்க."

"பார்த்தேனுங்க" என்றேன்.

"குடிச்சிருந்தாருங்களா?"

உயிரோடிருக்கிறாரா என்று அவள் முதலில் கேட்கவில்லை. காலையிலிருந்து தெரு அவளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. "இல்லீங்க. ஒரு சொட்டுக் கூட இல்லை. டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்றேன்.

அவள் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவாயி அவள் பெயர். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ ஒடம்புக்குத்தானுங்களா?" என்று எழுந்தாள், ஏதோ நல்ல சேதி கேட்டவள் மாதிரி. "சுமையைக் கொஞ்சம் தூக்கி உடுங்க. நான் போறேன்."

கஞ்சிச் சொம்பு, ஒரு வேட்டி, விரிப்பு, எல்லாவற்றையும் ஒரு புதுத் துணியில் மூட்டையாகக் கட்டியிருந்தாள். தூக்கி அவள் தலையில் வைத்தபோது துணியின் முனை என் முகத்துக்கு நேரே தொங்கியது. கோடித் துணி, கஞ்சி வாடை போகாதது. அதில் ஏன் மூட்டை கட்ட வேண்டும்? ஒரு பக்கக் கரை கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. மறுபக்கக் கரை பாம்பு போனது போல உள்ளே வெளியே போய் வந்தது. சில இடங்களில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது.

"இது யார் நெய்ஞ்சதுங்க?"

"அவுருதானுங்க. பாருங்க, கரை போயிடுச்சுன்னு முதலாளி திருப்பி உட்டுட்டாரு. அதான் மூட்டைக்காச்சும் ஆகட்டும்னு கட்டியாந்தேன்."

"எந்தக் கைப்பக்கங்க இது?"

"எடக்கைங்க. அந்தக் கைக்கு நாடா வந்து சேர மாட்டேங்குதுன்னு தறியையே ஏசுனாரு. புடிக்க வேண்டிய எடத்தைத் தாண்டிக் கை போயிடுதுங்க. கண்ணேறுன்னு சொல்லி, குழிக்குள்ள எலுமிச்சம்பழம் நறுக்கி வெச்சோம். தறிக்குக் கண்ணுபட்டுதுன்னுதான் நெனச்சோங்க, ஆளுக்குன்னு நெனக்கலீங்க."

"எத்தனை நாளா?"

"பத்துப் பன்னண்டு நாள் இருக்குமுங்க."

நான் அந்த மூட்டையை அவள் தலையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். "வாங்க" என்றேன். வந்த நாலு மைலையும் திரும்ப நடந்தோம். பாதி தூரம் ஓடினோம் என்றே சொல்லலாம். வழியில் ஒரு தரம், "நீங்க எங்கயோ போயிட்டிருந்தீங்களே" என்றாள். "மறந்துபோச்சுங்க" என்றேன்.

நாங்கள் சேர்ந்தபோது வெயில் இன்னும் வராந்தாவில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் என்னை எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நான் மூட்டையைப் பிரித்து, சொம்பை ஓரம் வைத்துவிட்டு, துணியை அவர் முன்னால் நீட்டினேன். "எடக்கைப் பக்கக் கரைங்க. பன்னண்டு நாளா இப்படின்னு சொல்றாங்க." மேலே பேச எனக்கு மூச்சில்லை.

அவர் துணியை வாங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, வராந்தாவுக்குப் போனார். தரையில் மண்டியிட்டு, என் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இடது கரை பொருந்தும்படி துணியை நீள விரித்தார். பாவாயி அவசரமாக, "ஆரம்பம் அந்த முனைங்க, முடிவு இந்த முனைங்க" என்றாள். டாக்டர் ஆரம்பத்திலிருந்து முழங்காலிலேயே நகர்ந்து வந்தார். முதல் நாலு முழம் கரையும் கோடும் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தாம் முழத்தில் கரை கோட்டை விட்டு ஒரு நூலளவு விலகியது. ஆறாவதில் விரலளவு. கடைசி முழத்தில் குடிகாரன் நடை.

ஆள் நடந்து வருவதைப் பார்க்கிற அதே கண்ணோடு அவர் அந்தத் துணியைப் பார்த்தார். மூளையின் பின்னால், எலும்புக்குள், யாரும் காண முடியாத இடத்தில் நடந்ததையெல்லாம் ஒரு கை தினம் தினம் நூலில் எழுதி வைத்திருக்கிறது. கைக்குச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, துணி ஒப்புக்கொண்டது. அந்த வராந்தாவில் அன்றைக்கு எனக்கு உண்டான வியப்பு இந்த வயதிலும் குறையவில்லை. ஒரு நாடாவைப் பிடிக்கக் கையை நீட்டி, சரியான இடத்தில் நிறுத்துவது என்பது எவ்வளவு பெரிய காரியம்! அது கெட்டுப்போகும்வரை யாரும் அதைக் காரியம் என்றே நினைப்பதில்லை.

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தூண் செய்த வேலையில்லை இது" என்றார். இந்த முறை பேனாவிடம் சொல்லவில்லை. "விடிஞ்சதும் திறக்கிறேன்."

மறுநாள் காலை சட்டையைத் துவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போனேன். கிணற்றடியில் வேறோர் ஆள் இறைத்துக்கொண்டிருந்தான். "நேத்து சாயங்காலமே என்னைய இந்த வேலைக்கு வெச்சுட்டாங்க" என்றான். சரி, நம் கணக்கு முடிந்தது என்று குடத்தை வைத்தேன். டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்: "மாரப்பா, கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. தலையைப் பிடிக்கணும்."

கம்பவுண்டர் குளோரோபாரம் கொடுத்தார். நான் அங்கமுத்துவின் தலையை இடது காது மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் பிடித்தேன். டாக்டர் காதுக்குப் பின்னால் கீறி, சிறிய உளியையும் சுத்தியையும் எடுத்தார். மேட்டூரில் கல் கொத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மெதுவாகக் கொத்தியவரைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தட்டும் என் உள்ளங்கையில் கேட்டது. எலும்பு கறுத்து, அரித்துப்போயிருந்தது. அதையும் தாண்டிப் பின்னால் போனார். ஊசியைச் செலுத்தி இழுத்தார், ஒன்றுமில்லை. இடம் மாற்றிச் செலுத்தினார், ஒன்றுமில்லை. அவர் நெற்றி வியர்வை என் கையில் விழுந்தது. மூன்றாவது முறை ஊசியில் மஞ்சளாக வந்தது. பிறகு தானாகவே வழிந்தது, ஒரு சின்னக் கிண்ணம் நிறையும் அளவுக்கு. அறையில் நிற்க முடியாத நாற்றம். டாக்டர் அதைச் சந்தனம் முகர்கிறவர் போல நின்று முகர்ந்தார். என் கைக்குள் இருந்த தலையின் மூச்சு, அதுவரை இழுத்து இழுத்து வந்தது, மெல்லச் சீராகியது.

அங்கமுத்து பிழைத்தார். ரப்பர்க் குழாயோடு மூன்று வாரம் கிடந்தார். இடது கை தன் அளவைத் திரும்பக் கற்றுக்கொள்ள ஆடி மாதம் ஆகிவிட்டது. ஆடி கழிந்து டாக்டருக்கு ஒரு துண்டு நெய்து கொண்டுவந்தார். டாக்டர் அதன் பூவையோ நிறத்தையோ பார்க்கவில்லை. இடது கரையை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தார். "கண்ணாடி போட்டுப் பாருங்க சாமி, எங்கை தப்பாதுங்க" என்றார் அங்கமுத்து. அவருடைய தெருக்காரர்கள் நாலு பேர் கூட வந்து நின்றார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் காலையைப் பற்றி. கட்டுப் போட்டு முடிந்ததும் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் தொட்டியைப் பார்த்தபடியே, "நேத்து எந்தப் பக்கம் நின்னே?" என்றார்.

"வலதுங்க."

"ஏன்?"

"எங்க விழுவாருன்னு எனக்கு முன்னாலயே தெரியும்னு நெனச்சங்க."

அவர் கையை உதறினார். "வராந்தாவில் ஜனம் வந்தாச்சு. லீவில் போனவர் திரும்பினா வார்டைப் பார்க்கட்டும். இனிமே பின்னால நடக்கிறது நீ."

கால் அரிக்கிற எனக்கு நடக்கிற வேலையே கிடைத்தது, அதுவும் முப்பதடிக்குள். ஒப்புக்கொண்டேன்.

வாசலில் ஒரு வயதான வண்டிக்காரர் தடியோடு நின்றிருந்தார். "ஏஞ்சாமி, இந்தக் கோட்டு மேலயே வரோணுமா?" என்று கேட்டார். "ஆமாங்க, தடியை இப்படிக் குடுங்க" என்று வாங்கிச் சுவரில் சாத்தினேன். அவர் முதல் அடியை எடுத்து வைத்தார். அவருக்கு என்ன நோய் என்றோ, எந்தப் பக்கம் விழுவார் என்றோ எனக்குத் தெரியாது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தொடாமல், நேர் பின்னால் நடந்தேன்.